கூரைமேல் ஒரு வளையம்

காலையில் தையல் மெஷின் முன்னால் உட்காருவதற்கு முன்பு அவள் ஒரு காரியம் செய்வாள். கழித்துப் போட்ட சரக்கிலிருந்து எடுத்து வைத்த ஒற்றைக் கையுறையை வலது கையில் மாட்டிக்கொண்டு, சுவரில் தொங்கும் படத்துக்கு எதிரே போய் நிற்பாள். கண்ணாடியின் வலது கீழ்மூலையில் வாயைக் குவித்து ஊதுவாள். காசு அகலத்துக்கு அந்த இடம் மட்டும் வெளுத்துப் பனிக்கும். பனி தானாகக் கலைவதற்குள் சுட்டுவிரல் நுனியால் இரண்டு சுற்று. அவ்வளவுதான். கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்கு உட்கார்ந்துவிடுவாள். படத்தின் மீதி இடத்துக்கெல்லாம் ஒட்டடை அடிக்கும் நாளில்தான் யோகம்.

"முழு ஃபாக்டரியும் அழுக்கா நிக்குது. ஒரு மூலைக்கு மட்டும் தினம் குளியலா? இது ஓரவஞ்சனை இல்லையா?" என்பார் கணவர்.

"என் வீட்டு வாசலத்தான் நான் பெருக்க முடியும். ஊரையே பெருக்கச் சொல்றீங்களா?" என்பாள் அவள்.

படம் ஒன்றும் பெரிதில்லை. விரித்துவைத்த செய்தித்தாளின் பாதி இருக்கும். வண்ணம் கிடையாது, எல்லாம் கறுப்புக் கோடுகள். நடுவில் தொழிற்சாலை, அதன் தலைக்கு மேல் இரண்டு புகைக்கூண்டுகள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. அவற்றிலிருந்து கிளம்பும் புகை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மேலே போகிறது. மதிலுக்கு இந்தப்பக்கம் தணிந்த கூரைகள் ஒரு வரிசை. அடியில் கறுப்பாக ஒரு பட்டை, மழையில் நனைந்த தெருவைப்போல மினுமினுப்பாக. வலது மூலையில் இருந்த கூரையின்மேல் மட்டும் சின்னதாக ஒரு வளையம். அதுதான் அவள் துடைக்கும் இடம்.

அந்த வளையம் ஒரு லாரி டயர் என்பது அவளுக்குத் தெரியும். காற்றடித்தால் படபடக்கும் தகரத்தை அமுக்கிவைக்க அவள் வீட்டுக் கூரைமேல் ஏற்றிவைத்த டயர். வாசலில் இறங்கி அண்ணாந்து பார்த்தால் இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த தெரு அது. பெயர் ஒன்று இருந்தது, ஆனால் யாரும் சொல்வதில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் 'பின்னாடி' என்று சொன்னால் போதும். தொழிற்சாலைக்கு முன்பக்கம் ஆறு, படகுத்துறை, கடைகள், விளக்கு வரிசை. வெளியூர்க்காரர்கள் வந்து நின்று பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். பின்னால் மதிலும் புகையும் இந்த ஒரு வரிசை வீடுகளும். காயப்போட்ட வெள்ளைத் துணியில் மாலைக்குள் மிளகு தூவியதுபோலக் கரி விழுந்துவிடும்.

கல்யாணமாகி இங்கே வந்தபோது அவளுக்குத் தையல் தெரியாது. உலை வேலைக்காரர்களுக்கான கனத்த கான்வாஸ் கையுறைகளை வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் வேலை தெருப் பெண்களிடம் இருந்தது. அவளும் கற்றுக்கொண்டாள். கையுறையை உள்பக்கம் வெளியே தெரியத்தான் தைக்க வேண்டும். தைத்து முடித்து, ஒரு மரக்குச்சியால் ஒவ்வொரு விரலாகக் குத்தித் திருப்பினால்தான் நல்ல பக்கம் வெளியே வரும். தைக்கும்போது இடதுகையாகத் தெரிவது திருப்பியதும் வலதுகையாகிவிடும். அது தெரியாமல் முதல் மூட்டையில் உள்ளங்கைத் தோலை எல்லாவற்றுக்கும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். சரக்கு வாங்க வந்த மேஸ்திரி மூட்டையைப் பிரித்துப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏம்மா, எங்க ஃபாக்டரில எல்லாருக்கும் ரெண்டும் இடது கைன்னு உங்கிட்ட யார் சொன்னது?"

தெரு முழுக்கச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, உள்ளே போய் அழுதாள். அதற்குப் பிறகு அந்தத் தப்பு நடந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு தைத்தாலும் எது எதுவாகத் திரும்பும் என்று அவள் விரலுக்குத் தெரியும். இப்போது அந்த வட்டாரத்தில் 'கையுறைக்காரம்மா' என்றால் அவள் ஒருத்திதான்.

கணவருக்குத் தொழிற்சாலை வாசலில் பஞ்சர் கடை. அந்தப் படம் அவர் மூலமாகத்தான் வீட்டுக்கு வந்தது. யாரோ ஒரு படக்காரர், கையில் பெரிய அட்டைப் பையோடு சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தவர், டயர் கிழிந்து கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். இவர் தைத்து ஒட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து அவரே திரும்பி வந்து, சுருட்டிய காகிதம் ஒன்றை நீட்டி, 'வச்சுக்குங்க' என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அப்போது அவள் வீட்டில் இல்லை. பாப்பா குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பெட்டிக்குப் பக்கத்திலேயே இவளும் கிடந்தாள். கடைசியில் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷத்தைவிட பயம்தான் வந்தது. இந்தப் பஞ்சுக்குஞ்சை எடுத்துக்கொண்டு அந்தப் புகைக்குள்ளா போவது? "நான் வரல. வேற எடம் பாருங்க. அது வீடே இல்ல, வீட்டோட முதுகு," என்று சொல்லிப் படுக்கையில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேறு இடம் பார்க்க வழியில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்த அன்று கணவர் அவளை உள்ளே விடவில்லை. வாசலில் நிறுத்தி, "மேல பாரு," என்றார். கூரைமேல் டயர் இருந்தது. "எதுக்கு இது?" என்றாள். "தகரம் சத்தம் போட்டா பாப்பா முழிச்சுக்குமே." பிறகு உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. அவளே பார்த்தாள். நெட்டைப் புகைக்கூண்டு வலது பக்கம், குட்டை இடது பக்கம். ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால் நெட்டை இடதில்தான் தெரியும். பின்னாடியிலிருந்து பார்த்தால்தான் வலதில். அப்புறம் அந்த வளையம் கண்ணில் பட்டது.

"இது நம்ம டயரா?"

"பின்ன?"

"அந்த ஆளு இங்க வந்து நின்னா வரைஞ்சாரு? நம்ம தெருவுலயா?"

"நமக்கு என்ன குறைச்சல்?"

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள். முன்பக்கத்தை விட்டுவிட்டு, ஒரு மனிதன் மெனக்கெட்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறான். நின்றிருக்கிறான். பார்த்திருக்கிறான். பெயர் சொல்லாத தெருவில் தன் கூரை ஒருவன் கண்ணில் பட்டிருக்கிறது. அதுவரை மூடியே கிடந்த ஜன்னலை அன்று சாயங்காலம் அவள் திறந்தாள். வேறு வீடு பார்க்கச் சொல்லி அதன்பிறகு அவள் கேட்கவே இல்லை.

பாப்பா வளர்ந்து, பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டரின் காத்திருப்பு அறையில் புதிதாக ஒரு படம் மாட்டினார்கள். அதே கறுப்புக் கோடு, அதே மாதிரி புகை, கீழே பென்சிலில் அதே கையெழுத்து. "எங்க வீட்டுலயும் இவர் படம் ஒண்ணு இருக்கு சார்," என்று அவள் சொன்னதும், நோயாளியின் வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு டாக்டர் வெளியே வந்துவிட்டாராம்.

"அம்மா, அந்த மனுஷன் செத்துட்டாரு. செத்தப்புறம் அவர் படத்துக்கு ஏக கிராக்கி. வித்தா கூரை முழுக்க மாத்திடலாம்மா. படத்துல இருக்கற கூரையக் குடுத்துட்டுத் தலைக்கு மேல ஒரு கூரை!"

"வீட்ட வித்து வீடு கட்டறதா? போடி."

"விக்க வேணாம். என்ன பெறும்னாவது தெரிஞ்சுக்கலாம். டாக்டருக்குத் தெரிஞ்ச மதிப்பீட்டாளர் ஒருத்தர் இருக்காரு, சும்மா வந்து பாப்பாரு."

எதையும் விற்றுவிடலாம் என்று முதலில் சொல்கிறவர் கணவர்தான். மிக்ஸியையே இரண்டு தடவை விலை பேசியிருக்கிறார். அன்று மட்டும், "எவனும் வந்து ஒண்ணும் பாக்க வேணாம். நம்ம வீட்டுச் சாமானுக்கு அடுத்தவன் என்ன விலை சொல்றது?" என்று முறுக்கிக்கொண்டார். கடையில் ஏதோ கடுப்பு போல என்று அவள் விட்டுவிட்டாள். யாராவது வந்து பார்க்கட்டும் என்று அவளுக்கே உள்ளுக்குள் ஆசையாகத்தான் இருந்தது. காட்டிப் பெருமைப்பட ஒரு வீட்டில் வேறு என்ன இருக்கிறது?

மதிப்பீட்டாளர் மெலிந்த, தணிந்த குரல்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பையிலிருந்து மெல்லிய வெள்ளைப் பருத்திக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் கண் முதலில் அங்கேதான் போனது. கட்டைவிரல் தையல் இழுத்துக்கொண்டு கோணலாக நின்றது. 'இவ்வளவு படிச்சவருக்கு எவ தைச்சுக் குடுத்தாளோ' என்று நினைத்துக்கொண்டாள்.

சட்டத்தைப் பிரித்துப் படத்தை மேஜைமேல் வைத்து, லென்ஸ் கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். செப்புத் தகட்டில் கீறி, மையிட்டு, அச்செடுத்த படம் என்றார். மொத்தமே நாற்பது பிரதிதான் போட்டிருக்கிறார், இன்று எத்தனை மிச்சமோ தெரியாது என்றார்.

"அவர் இருந்தவரைக்கும் ஒருத்தரும் வாங்கலம்மா. புகைக்கூண்ட வீட்டுல மாட்டி வச்சுக்க யாருக்கு ஆசை வரும்? இப்ப புகையே படாத எடத்துல இருக்கறவங்கதான் தேடித் தேடி வாங்கறாங்க."

"தள்ளி இருந்து பாத்தா புகை அழகாத்தான் இருக்கும்," என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டு ஒரு தொகை சொன்னார். அவள் அதை உடனே மனசுக்குள் மெஷினாக மாற்றிப் பார்த்தாள். மோட்டார் வைத்த புது மெஷின் நான்கு வாங்கலாம். மகள் அம்மாவின் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"சுத்தமான பிரதியா இருந்தா அந்த விலை. இதுல ஒரு குறை இருக்கு," என்று அவர் வலது கீழ்மூலையைக் காட்டினார். வளையத்தைச் சுற்றிக் காகிதம் தேநீர் சிந்தியதுபோலப் பழுத்திருந்தது. "இந்த ஒரு எடத்துல மட்டும் ஈரம் எறங்கியிருக்கு. எப்படின்னுதான் புரியல. கூரை ஒழுகினா மேலயிருந்து இல்ல வரணும்?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஆணியில் தொங்கிய ஒற்றைக் கையுறையைப் பார்த்தாள்.

"அது... நான் ஊதித் துடைக்கறது. தினமும்."

"தினமுமா? ஏம்மா?"

அவள் முகம் மலர்ந்தது. இதைக் கேட்க இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் வந்திருக்கிறான். "அது எங்க வீடு," என்றாள். வாசலுக்குக் கூட்டிப்போய் டயரைக் காட்டினாள். நெட்டை வலது, குட்டை இடது. இந்தத் தெருவில் நின்றால்தான் இப்படித் தெரியும் என்று கையை நீட்டி விளக்கினாள். கணவர் பின்னாலிருந்து, "சாருக்கு நேரமாகுது போல," என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

மதிப்பீட்டாளர் டயரைப் பார்த்தார். புகைக்கூண்டுகளைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, மிகவும் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, தகட்டுல எப்படிக் கீறறமோ அப்படியே காகிதத்துல வராது. தகட்ட காகிதத்துமேல கவுத்து அழுத்தறோம் இல்லையா, அதனால எடது பக்கம் இருக்கறது..."

அவர் முடிக்கவில்லை. அவள் மெஷின் மேலிருந்த, இன்னும் திருப்பாத கையுறையை எடுத்திருந்தாள். ஒவ்வொரு விரலாக வெளியே தள்ளினாள். கையில் இருந்த இடது வலதானது.

"புரியுது தம்பி," என்றாள். "திருப்பினா மாறிடும்."

"ஆமாம்மா. அவர் ஆத்தங்கரையில உக்காந்து பாத்தபடி நேரா தகட்டுல கீறியிருக்காரு. கீழ இருக்கற கறுப்புப் பட்டை தெரு இல்ல, தண்ணி."

"அப்ப அந்த வளையம்?"

"படகுத்துறைக் கொட்டகை. தண்ணில விழுந்தவங்களுக்குத் தூக்கிப் போடற மிதவை. இப்பவும் அங்க கூரையில கட்டி வச்சிருக்காங்களே."

அவள் பார்த்திருக்கிறாள். ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கணவர் தேநீர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். காலி டம்ளர்களைக் கழுவ அவ்வளவு நேரம் பிடிக்காது, ஆனால் அவர் வரவில்லை.

"கறையோட இப்ப என்ன போகும்?" என்று அவளே கேட்டாள். மதிப்பீட்டாளர் தயங்கிக்கொண்டே சொன்னார். இரண்டு மெஷின்.

அவர் போனபிறகு அவள் மெஷினில் உட்கார்ந்தாள், ஆனால் பெடலை மிதிக்கவில்லை.

"வித்துடு பாப்பா," என்றாள்.

"அம்மா..."

"கூரைக்கு ஆகும்ல. இத்தன வருஷம் எவனோ ஒருத்தன் படகுக் கொட்டகைக்கு வாசல் பெருக்கியிருக்கேன். ஒருத்தனும் இந்தப் பக்கம் வரல. வந்து நிக்கல. நானா நினைச்சுக்கிட்டேன்."

பின்கட்டிலிருந்து கணவர் வந்தார். கை ஈரம் சொட்டியது. "விக்கறதுக்கு இல்ல," என்றார்.

"நீங்கதான எதையும் வித்துடலாம்பீங்க? மிக்ஸிய விட்டுட்டு இதப் புடிச்சுக்கிட்டு..."

"மிக்ஸிய வேணா இன்னிக்கே தூக்கிட்டுப் போகச் சொல்லு. இது விக்கறதுக்கு இல்லன்னா இல்ல."

குரல் ஓங்கியிருந்தது. அந்த வீட்டில் அவர் குரல் ஓங்கி யாரும் கேட்டதில்லை. மகள் பையை எடுத்துக்கொண்டு, "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க," என்று கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் கையுறையை எடுக்கவில்லை. நேராக மெஷினுக்குப் போனாள். அடுத்த நாளும் அப்படியே. படம் பக்கம் அவள் முகம் திரும்பவே இல்லை. கணவர் இரண்டு நாளாக ஜோக்கு எதுவும் அடிக்கவில்லை. வீடு தண்ணீர் வராத குழாய் மாதிரி இருந்தது. மூன்றாம் நாளும் அவள் மெஷினில் குனிந்திருந்தபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. யாரோ விளக்கை ஊதி அணைப்பதுபோல. திரும்பிப் பார்த்தாள்.

கடைக்குக் கிளம்பிய சட்டையோடு அவர் படத்தின் எதிரே நின்றுகொண்டிருந்தார். அவருடைய பெரிய கை அந்தக் கையுறைக்குள் பாதிதான் நுழைந்திருந்தது. மூலையில் ஊதினார். ஊதத் தெரியவில்லை, எச்சில் தெறித்தது. பதறிப்போய் முழங்கையால் துடைத்தார்.

"அது படகுக் கொட்டகைங்க," என்றாள் அவள்.

"படகுக் கொட்டகைன்னா துடைக்கக் கூடாதா?"

"ஏற்கெனவே பாதி விலைய நான் துடைச்சுட்டேன். மீதிய நீங்க துடைச்சுத் தள்ளுங்க."

"தள்ளிட்டா யாரும் கேக்க மாட்டான்ல. நிம்மதி."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, "விடுங்க, கண்ணாடிய ஒடச்சுடப் போறீங்க," என்று கையுறையைப் பிடுங்கிக்கொண்டாள். எச்சில் பட்ட இடங்களைத் துடைக்க ஆரம்பித்தவள் அந்த மூலையோடு நிற்கவில்லை. மதில், ஜன்னல்கள், குட்டைப் புகைக்கூண்டு, நெட்டை, மேலே பின்னிக்கொண்டு போகும் புகை என்று கை போய்க்கொண்டே இருந்தது. படகுத்துறையில் ஆட்கள் நிற்பதை அன்றுதான் பார்த்தாள். ஏழெட்டுப் பேர், எறும்பு அளவு. வேலை முடிந்து படகுக்குக் காத்திருக்கிறார்கள் போல. ஒருத்தன் இன்னொருத்தன் தோளில் கைபோட்டிருந்தான். இவ்வளவு நாளாக அவர்களைத் தெருக்கல் என்று நினைத்திருந்தாள்.

மத்தியானம் மகளுக்குப் போன் செய்தாள். "வேணாம் பாப்பா. இருக்கட்டும்."

"அப்பா சொல்லச் சொன்னாரா?"

"அவர் எங்க சொன்னாரு? அது நம்ம வீடு இல்ல, சரி. ஆனா அதப் பாத்துக்கிட்டேதான உன்ன வளத்தேன். வேற எவளாவது அத அவ்வளவு பாத்திருப்பாளா? வாங்கறவன் வந்து மாட்டி வச்சுட்டுப் பல்லு வலிக்கறப்ப பாப்பான்."

மழைக்காலத்துக்கு முன்னால் மகளே பார்த்துத் தகரம் மாற்ற ஏற்பாடு செய்தாள். வேலைக்கு வந்தவர் அப்பாவின் பழைய கூட்டாளி, பக்கத்துக் கடை வெல்டிங்காரர். ஏணியை மகள் பிடித்துக்கொண்டாள். உள்ளே அம்மாவின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெல்டிங்காரர் டயரைப் புரட்டி விளிம்புக்குக் கொண்டுவந்து, மூச்சு வாங்க அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"இத மேல ஏத்தினதும் நான்தான் பாப்பா. அன்னிக்கு உங்கப்பன் என்ன பாடு படுத்துனான் தெரியுமா?"

"தகரம் சத்தம் போட்டுதுன்னா மாமா?"

"தகரமா? ரெண்டு செங்கல் வச்சா தீர்ந்துது. சைக்கிள்ல வந்த படக்காரர் ஒரு படம் குடுத்துட்டுப் போனாரு. 'ஆத்தங்கரைல உக்காந்து போட்டது, இது கொட்டகை, இது மிதவை'ன்னு எங்க ரெண்டு பேருக்கும் வெவரமா சொல்லிட்டுத்தான் போனாரு. மறுநாள் நீ ஆஸ்பத்திரிலேருந்து வர்றே. இருட்டறதுக்குள்ள டயர் மேல ஏறணும்னு உங்கப்பன் ஒரே புடியா நின்னான். நான் இங்க தூக்கிக்கிட்டு நிக்கறேன், அவன் கீழ அந்தப் படத்த விரிச்சுப் புடிச்சுக்கிட்டு, அதப் பாக்கறதும் என்னைப் பாக்கறதுமா, 'இன்னும் கொஞ்சம் வலது... இன்னும் கொஞ்சம் வலது'ங்கறான்."